மெம்பிரேன் ஏன் போச்சு?

"மெம்பிரேன் போச்சுண்ணே, மாத்தணும்." கம்பத்தில் எங்கள் வீட்டு ஆர்.ஓ.வைத் திறந்த இரண்டாவது நிமிடமே மெக்கானிக் சொல்லிவிட்டார். போட்டு ஏழு மாதம்தான். ஏன் போச்சு என்றதற்கு, "தண்ணி அப்படி" என்றார்.

பாவம், தண்ணீர் என்ன செய்யும்? லோயர் கேம்ப் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. அதோடு சம்ப்பில் போர் தண்ணீரைக் கலந்துவிடுவது நாம்தான்.

மெம்பிரேன் என்பது சுருட்டி வைத்த தாள். அதில் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு அதன்மேல் படிந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கிறோமே, அதே வெள்ளைப் பொருக்கு. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கழற்றினால் உருளையும் கனக்கும்.

குளோரின் செய்வது வேறு. குழாய்த் தண்ணீரின் குளோரினைக் கார்பன் ஃபில்டர் நிறுத்த வேண்டும். அதைக் காலத்தில் மாற்றாவிட்டால் குளோரின் படலத்தையே அரிக்கும். அப்போது ஓட்டம் குறையாது, கூடும். குடம் சீக்கிரம் நிறைகிறதே என்று நாமும் சந்தோஷப்படுவோம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது: உள்ளே போன தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 380, வெளியே வந்ததில் 210. நல்ல மெம்பிரேன் பத்தில் ஒன்பது பங்கு உப்பை நிறுத்த வேண்டும்.

இது ஆர்.ஓ.வின் கதை மட்டுமல்ல. சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 2025இல் சோதித்த ஹைட்ரஜன் ரயிலின் எரிபொருள் கலத்துக்கும் ஒரு மெம்பிரேன், அதாவது சவ்வுதான் உயிர்நாடி. அத்தகைய சவ்வுகளில் இரும்பு அயனி சிறிது கலந்தாலும், உள்ளே உண்டாகும் பெராக்சைடு வீரியம் கொண்டு அரித்துவிடும். காரணத்தை விட்டுவிட்டுச் சவ்வை மட்டும் மாற்றினால் அங்கேயும் தண்டச் செலவு.

உங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்பதையே முதலில் பாருங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். ஏற்கத்தக்கது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குளோரின் நீங்கிய தண்ணீர் ஆர்.ஓ. தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய மெம்பிரேனைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் சாட்சி. ரசீது தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம். தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கார்பன் மாற்றவில்லை என்பதை ரசீதில் எழுதச் சொன்னேன். பேனா இல்லை என்றார் மெக்கானிக். என்னுடையதை நீட்டினேன்.