சிலிண்டரா, குழாய் எரிவாயுவா? வீட்டு கேஸ் செலவை நாமே கணக்கிடலாம்

சென்னை, கோவை, சேலம், கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று தமிழகத்தின் பல மாவட்டங்களில் வீடுகளுக்குக் குழாய் மூலம் இயற்கை எரிவாயு கொடுக்க நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. சில பகுதிகளில் இணைப்பும் வந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தோடு ஆட்கள் வாசலுக்கு வரும்போது எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "சிலிண்டரை விட இது மலிவா?"

வந்தவர் "ஆமாம்" என்பார். அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை அவரால் சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். உண்மையில் பலருக்கு அதுவும் தெரியாது. "ஒரு மாசம், ஒன்றரை மாசம் வரும்" என்று குத்துமதிப்பாகச் சொல்வோம். எனவே முதல் வேலையாக, புது சிலிண்டர் மாட்டும் நாளை அடுப்படி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மூன்று சிலிண்டர் முடிந்த பிறகு சராசரி எடுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் 35 நாள் வருகிறது. சிலிண்டர் விலை 870 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொண்டு வருபவருக்கு 40 ரூபாய் கொடுக்கிறோம். (பில் தொகையிலேயே டெலிவரி கட்டணம் அடங்கியிருக்கிறது, அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமையில்லை. ஆனாலும் மூன்று மாடி தூக்கி வருபவரிடம் கணக்குப் பேச மனம் வருவதில்லை.) ஆக மொத்தம் 910 ரூபாய். 35ஆல் வகுத்தால் நாளுக்கு 26 ரூபாய், 30 நாள் மாதத்துக்கு 780 ரூபாய்.

இனி குழாய்க்கு வருவோம். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. குழாயில் வருவது பெரும்பகுதி மீத்தேன். சிலிண்டரைக் கிலோவில் அளக்கிறோம்; குழாய் எரிவாயுவைக் கன மீட்டரில் அளக்கிறார்கள், ஒரு கன மீட்டர் ஒரு யூனிட். அதனால் கிலோ விலையையும் யூனிட் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். இரண்டும் தரும் வெப்பத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 18 யூனிட் குழாய் எரிவாயுவுக்குச் சமம்.

இந்த 18 என்ற எண்ணை நினைவில் வைத்தால் போதும். சிலிண்டருக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் தொகையை 18ஆல் வகுங்கள். நம் உதாரணத்தில் 910ஐ வகுத்தால் சுமார் 50 ரூபாய் 50 காசு. உங்கள் பகுதியில் வரி உட்பட ஒரு யூனிட் விலை இதற்குக் கீழே இருந்தால் குழாய் மலிவு. மேலே இருந்தால் சிலிண்டரே மலிவு. யூனிட் 50 ரூபாய் என்றால் 35 நாளுக்கு 18 யூனிட், மாதத்துக்குச் சுமார் 15.4 யூனிட், 770 ரூபாய். மிச்சம் பத்தே ரூபாய்! மாத வாடகை போன்ற நிலையான கட்டணம் ஏதும் இருந்தால் அந்தப் பத்தும் போய்விடும். அரசு மானியம் பெறும் குடும்பங்கள் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் சிலிண்டர் பக்கமே தராசு சாயும்.

மலிவு ஒருபுறம் இருக்க, பணம் கட்டும் விதமும் மாறுகிறது. சிலிண்டருக்கு முன்பணம், குழாய்க்குப் பயன்படுத்திய பிறகு பில். பல இடங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருவதால் 1,540 ரூபாய் ஒரே நேரத்தில் கேட்கும்போது அதிகம் போலத் தோன்றும். மீட்டர் பார்க்க வரும்போது வீடு பூட்டியிருந்தால் சராசரி போட்டு பில் அனுப்புவதும் உண்டு. பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் மீட்டரைப் படம் எடுத்து வைப்பது நல்லது. கறுப்பு எண்கள்தான் யூனிட். சிவப்பு எண்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருபவை. அதையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பதறியவர்கள் உண்டு.

நம் வீடுகளில் ஆண்டுச் சராசரியை உடைக்கும் மாதம் ரமலான். சஹருக்குச் சமைப்பது, மாலையில் கஞ்சி, வடை, சம்சா, இரவுச் சாப்பாடு என்று அடுப்பு எரியும் நேரம் கூடிவிடும். 35 நாள் வந்த சிலிண்டர் 27 நாளில் தீர்ந்தால் நாளுக்கு 26 ரூபாய் என்பது 33 ரூபாய் 70 காசாகிறது. அந்த மாதத்துக்கு மட்டும் சுமார் 230 ரூபாய் கூடுதல். ஷஃபானிலேயே இதை ஒதுக்கி, இரண்டாவது சிலிண்டரையும் நிரப்பி வைத்துவிட்டால் சஹர் நேரத்தில் அடுப்பு அணைந்து நிற்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் மொத்தமாகக் கஞ்சி காய்ச்சுவதற்கு வீட்டு சிலிண்டரைக் கொடுப்பது சட்டப்படி தவறு. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான், ஜமாஅத் பட்ஜெட்டில் அந்த விலையைத்தான் போட வேண்டும்.

சிலிண்டரிலேயே தொடர்கிறவர்கள், அதன் மீது எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2ஐக் கூட்டிப் பாருங்கள். வாசலில் எடை போட்டுக் காட்டச் சொன்னால் காட்டியாக வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் நம் உதாரணக் கணக்கில் 64 ரூபாய் நஷ்டம்.

குழாய்க்கு மாற முடிவெடுத்தவர்கள் வைப்புத் தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்த ரசீதை யார் பெயரில் போடுவது என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். அடுப்பின் ஜெட்டையும் மாற்றுவார்கள். மாற்றிய அடுப்பை மறுபடி சிலிண்டரில் அப்படியே மாட்டக் கூடாது. தீ அளவுக்கு மீறி எழும். இணைப்பு வந்த முதல் வாரத்தில் ஓர் இரவு எல்லா பர்னர்களையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன் மறுபடி பாருங்கள். சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, மீட்டரில் ஒட்டியிருக்கும் அவசர எண்ணுக்கு அழையுங்கள்.