ரிஜிஸ்டரில் எல்லாம் ஓகே!

நேற்றைய தேதிக்கு இன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? பார்க்காமலே 'செக் பண்ணியாச்சு' என்று டிக் அடித்ததுண்டா? "யாரு சார் அடிக்கலை?" என்கிறீர்களா... அப்படியென்றால் இதைப் படியுங்கள்.

வாக்கர்ட்டன், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர். 2000-ல் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஊர்க் குடிநீருக்கு ஸ்டான், ஃப்ராங்க் என்ற சகோதரர்கள்தான் பொறுப்பு. ஒருவர் மேனேஜர், மற்றவர் ஃபோர்மேன்.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் கலந்து ஊருக்கு அனுப்ப வேண்டும். கலந்தபின் மிச்சம் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று தினமும் டெஸ்ட் செய்து எழுத வேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீர், அதில் கொஞ்சம் மருந்து. குளோரின் இருந்தால் நிறம் மாறும். சில நிமிஷ வேலை!

அதென்ன 'மிச்சம்'? தண்ணீரில் அழுக்கு சேர்ந்தால், அதோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துவிடும். மிச்சம் குறைந்தால் உள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்று அர்த்தம். வாசலில் குரைக்கிற நாய் மாதிரி!

அந்த நாயின் வாயைத்தான் கட்டிவிட்டார்கள். பெரும்பாலான நாட்கள் டெஸ்ட்டே கிடையாது. ரிஜிஸ்டரில் மட்டும் 0.5 அல்லது 0.75. கெட்ட எண்ணமா? அதுவும் இல்லை. 'நம்ம ஊர்த் தண்ணி சுத்தம்' என்ற நம்பிக்கை. குளோரின் கலக்காத தண்ணீரை அவர்களே குடித்தார்கள்!

2000 மே மாதம் பலத்த மழை. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ-கோலை கிருமி ஐந்தாம் நம்பர் கிணற்றுக்குள் இறங்கியது. ரிஜிஸ்டரில் மே 13, 14, 15... மூன்று நாளும் 0.75!

ஏழாம் நம்பர் கிணற்றின் கதை வேறு. புது குளோரின் மெஷின் வந்து, மாட்டாமலே கிடந்தது. அந்த மாதம் சில நாட்கள் குளோரினே இல்லாமல் பம்ப் ஓடியது.

17-ம் தேதி லேப் ரிசல்ட் வந்தது: தண்ணீரில் கிருமி. சுகாதாரத் துறை கேட்டபோதும் ஸ்டான் அதை மறைத்து, தண்ணீர் ஓகே என்றார். 21-ம் தேதி 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று சுகாதாரத் துறை தானாகவே அறிவித்தது. ரொம்ப லேட்! 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓ'கானர், மேற்பார்வையில் கோட்டை விட்ட அரசாங்கத்தையும் விடவில்லை. ஆனால் தினசரி டெஸ்ட் ஒழுங்காக நடந்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்றார். 2004-ல் ஸ்டானுக்கு ஓராண்டு சிறை, ஃப்ராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல்.

வருஷத்தில் 364 நாள் அந்த டெஸ்ட் 'வேஸ்ட்' என்றுதான் தோன்றும். எந்த நாள் அந்த 365-வது நாள் என்பது ரிஜிஸ்டருக்குத் தெரியாதே!

நாளைக்குக் குழாயில் குளோரின் வாடை அடித்தால் மூக்கைச் சுளிக்காதீர்கள் சார். யாரோ ஒருத்தர் நிஜமாவே டியூட்டி பார்த்திருக்கார்!