கண்ணசைவு காட்டுமா மனநோயை?

புது தில்லி: அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தின் நோய் கண்ணில் தெரியுமா என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறது மருத்துவ உலகம். மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே பொருந்தும்.

காரணம், மொழி. சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை உண்டு. மனச்சிதைவு நோய்க்கு அப்படி ஒன்று இல்லை. நோயாளியின் பேச்சையும் நடத்தையையும் கவனித்து, குடும்பத்தினர் கூறுவதையும் கேட்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். காதில் யாரோ பேசுகிறார்கள், எவரோ பின்தொடர்கிறார்கள் என்ற அச்சத்தைத் தாய்மொழியில் விளக்குவதே கடினம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் தாய், மகனின் நிலையை அரைகுறை இந்தியில் எவ்வாறு விளக்குவார்? பேச்சையே நம்பியிராத ஒரு சோதனை கிடைத்தால் அது பெரும் உதவிதான்.

ஊசலும் கண்ணும்

இந்தத் தேடல் 1908-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ரேமண்ட் டாட்ஜ், ஆலன் டிஃபெண்டார்ஃப் ஆகியோர் அந்த ஆண்டில் ஒரு வேறுபாட்டைக் கண்டறிந்தனர். ஊசல்போல் மெல்ல அசையும் பொருளை நலமான கண் வழுக்கிச் செல்வதுபோலப் பின்தொடரும். மனச்சிதைவு நோயாளிகள் பலரின் கண்களோ பின்தங்கி, பிறகு தாவிப் பிடிக்கும்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக மறக்கப்பட்டிருந்த இந்த ஆய்வை, 1973-இல் பிலிப் ஹோல்ஸ்மன் குழுவினர் மீட்டெடுத்தனர். நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும் இதே தடுமாற்றம் இருப்பதை மறு ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அந்த உறவினர்கள் மனநோயாளிகள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, கண்ணசைவு காட்டுவது நோயை அன்று. குடும்பவழி வரும் ஒரு சாயலை மட்டுமே என்ற கருத்து வலுப்பெற்றது.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனமும் இந்த வழியில் ஆய்வு மேற்கொண்டுள்ளது. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களைத் தேர்ந்து, மரபணு, மூளைப் படம் ஆகியவற்றுடன் கண்ணசைவையும் அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

98 சதவீதத்தின் மறுபக்கம்

2012-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. சில எளிய பார்வைச் சோதனைகளைக் கொண்டே, மனச்சிதைவு நோயாளிகளை நலமானவர்களிடமிருந்து 98.3 சதவீதத் துல்லியத்துடன் பிரித்தறிய முடிந்தது என்றனர் அவர்கள்.

ஆனால், ஏற்கெனவே நோய் உறுதி செய்யப்பட்டவர்களையும் நலமானவர்களையும் ஒப்பிட்டுப் பெற்ற கணக்கு அது. மருத்துவமனையில் எழும் ஐயம் வேறு. வந்திருப்பது மனச்சிதைவா, இருதுருவ மனநோயா, போதையின் விளைவா என்பதே அங்கு கேள்வி. இருதுருவ மனநோயிலும் கண்ணசைவு பிறழும். களைப்பு, தூக்க மருந்து, லித்தியம் ஆகியவையும் அதைப் பாதிக்கும்.

மற்றொரு கணக்கும் உண்டு. தாராவியில் 10,000 பேருக்கு இச்சோதனை நடத்தப்படுவதாகவும், நூறில் ஒருவருக்கு நோய் இருப்பதாகவும் கொள்வோம். 98 சதவீதத் துல்லியம் இருந்தால், 100 நோயாளிகளில் 98 பேரைக் கருவி அடையாளம் காட்டும். நலமான 9,900 பேரிலோ 198 பேரையும் நோயாளிகள் என்று அது காட்டிவிடும். அதாவது, முத்திரை குத்தப்படும் மூவரில் இருவர் நலமானவர்கள். பெண் பார்க்கும் இடத்திலும், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும், காப்பீட்டு அலுவலகத்திலும் இந்த முத்திரை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே மனநோயை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. கண்ணசைவுச் சோதனை அவற்றில் இன்றுவரை இடம்பெறவில்லை. நோயாளியின் விவரங்களை மறைகாக்கவும், நோயையும் சிகிச்சையையும் பற்றி அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்கவும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. தாராவித் தமிழர் கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

நோயைக் கண்டறிந்த பின் என்ன என்பதும் முக்கியம். நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தீவிர மனநோய் உடையோரில் நான்கில் மூவர் சிகிச்சை பெறவில்லை எனத் தெரியவந்தது. அந்தப் பட்டியலில் தமிழகம் இருந்தது, மகாராஷ்டிரம் இல்லை.

சிகிச்சையின்றிக் காலம் கடந்தால் என்ன நேரும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். அவர்களுக்கு நோய் இருப்பது குடும்பத்தினருக்குத் தெரியாமல் இல்லை. போக இடம் இல்லை என்பதே பிரச்சினை.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண்ணில் (14416) தமிழிலும் பேசலாம். தாராவிக்கு நடந்து செல்லும் தொலைவில், சயானில் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. கண்ணசைவுக் கருவி ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வர இன்னும் காலம் பிடிக்கலாம். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், மருத்துவரின் மேசைக்கு எதிரே அமரும் அந்தத் தாயின் தமிழைப் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.