அத்திரம்பாக்கத்துக் கல்லுக்கு வயது என்ன?

சுற்றுலா என்றதும் மாமல்லபுரம், தஞ்சாவூர், ஆக்ரா என்று நாம் அடுக்குவோம். இவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மாணவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், இவற்றைவிடப் பல நூறு மடங்கு பழமையான இடம் ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக் கோயில்களுக்கு வயது சுமார் 1,300 ஆண்டுகள். எகிப்தின் பெரிய பிரமிடுக்குச் சுமார் 4,500 ஆண்டுகள். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கோ சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

ஆவடியில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டிக்குச் செல்லலாம். 1944-இல் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் இங்கே உள்ளது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் வழியே இங்கிருந்துதான் நீர் செல்கிறது. அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பூண்டியிலேயே தமிழக அரசின் தொல்லியல் துறை அமைத்துள்ள அருங்காட்சியகத்தில், சுற்றுவட்டாரத்தில் கிடைத்த கற்கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. அத்திரம்பாக்கம் அதே ஆற்றுப் பகுதியில் உள்ள சிற்றூர்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாக அது அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். கைக்கோடரி என்றால் காம்பு மாட்டிய கோடரி அன்று. குவார்ட்சைட் என்னும் கெட்டியான பாறைத் துண்டை இருபுறமும் தட்டிச் செதுக்கி, கைக்குள் அடங்குமாறு செய்த கருவி.

சரி, கல்லின் வயதை எப்படிக் கணக்கிடுவது? கார்பன்-14 முறை இங்கே உதவாது. அது உயிருள்ளவற்றிலிருந்து வந்த பொருள்களுக்கே பொருந்தும். அதுவும் சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான். எனவே ஆய்வாளர்கள் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் துணையை நாடினர்.

நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சைட் கல்லைக் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அப்போது கல்லிலுள்ள சிலிக்கன் அணுக்களில் சில அலுமினியம்-26 ஆகவும், ஆக்சிஜன் அணுக்களில் சில பெரிலியம்-10 ஆகவும் மாறுகின்றன. ஒரு கிராம் கல்லில் ஓராண்டுக்கு உண்டாவது மிகச் சில அணுக்களே. பெரிலியம் ஒன்று உண்டானால் அலுமினியம் ஏறக்குறைய ஏழு உண்டாகும். இந்த விகிதம் நமக்கு முன்பே தெரியும்.

இனி அந்தக் கல் மண்ணில் ஆழமாகப் புதைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள மண் கதிர்களைத் தடுத்துவிடுகிறது. புதிய அணுக்கள் உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பவை சிதைந்துகொண்டே வரும். அலுமினியம்-26-இன் அரை ஆயுட்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10-க்குச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். அலுமினியம் விரைவில் குறைவதால் விகிதமும் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: 14 லட்சம் ஆண்டுகளில் அலுமினியம் இருமுறை பாதியாகி நாலில் ஒரு பங்காகும், பெரிலியம் ஒருமுறை பாதியாகும். ஆகவே ஏழாக இருந்த விகிதம் மூன்றரை ஆகிவிடும். இன்றைய விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தனர். ஆறு கற்கருவிகளை இம்முறையில் சோதித்ததில் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்ற விடை கிடைத்தது. 2011-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரே கடிகாரத்தை நம்பலாமா? அவர்கள் வேறொரு சோதனையும் செய்தார்கள். களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தப்புலத் திசையில் அமைகின்றன. கருவிகள் கிடைத்த அடுக்குகளில் அத்திசை இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. பூமியின் காந்தப்புலம் இன்றைய திசைக்கு மாறிச் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எனவே அடுக்குகள் அதற்கும் முந்தியவை. இரு சான்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நம் மனித இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அப்படியானால் இக்கருவிகளைச் செய்த கைகள் நம் இனத்தாருடையவை அல்ல. நமக்கு முந்திய வேறொரு மனித இனத்துடையவை. அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்காததால் அவர்கள் யார் என்று உறுதியாகக் கூற இயலவில்லை.

மாணவர்களே! கருவி எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதே மேலே சொன்ன கணக்கு முழுவதற்கும் ஆதாரம். ஆசையால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கல், அந்த ஆதாரத்தை இழந்து வெறும் கல்லாகிவிடும். சரளைக்காக மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினாலும் இதே கதிதான். 15 லட்சம் ஆண்டுகள் மண் காத்து வைத்ததை ஒரே பிற்பகலில் அழித்துவிட முடியும். ஆகவே அங்கே செல்லுங்கள், உற்றுப் பாருங்கள், படம் வரைந்துகொள்ளுங்கள். கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.