ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும்
(குழுவாக நுழைவுச்சீட்டு வாங்குவோர் கவனத்திற்கு)

யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளில் கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கனி என வகுப்பை மாத்திரமே வாங்கினோம். முந்தி நுழைந்தவர் துவாயை விரித்து வீட்டார் அனைவருக்கும் இடம்பிடித்துவிடுவார். இந்நகரிலோ, 'அத்மிசியோன் ஜெனரால்' என அச்சிட்ட சீட்டுக்கே அம்முறை செல்லும். ஏனையவற்றில் நாம் வாங்குவது பகுதி, வரிசை, எண் ஆகிய மூன்றும் குறித்த ஒரேயோர் இருக்கையையே.

பகுதிகளின் பெயர்கள் எளியவை. 'பார்த்தேர்' தரைத்தளம், 'கோர்பெய்' அதற்கு மேலுள்ள மாடம், 'பல்கொன்' ஆக உயரத்தில் இருப்பது. இடர் விளைவிப்பவை எண்களே. பிரெஞ்சு மரபைத் தழுவிய அரங்குகள் பலவற்றில் 1, 2 என்பன நடுவில் தொடங்கும். ஒற்றை எண்கள் ஒரு சுவரையும், இரட்டை எண்கள் மறு சுவரையும் நோக்கி வளரும். ஆகவே 15 இன் அயலார் 13, 17 என்போரே. நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளிலும் இடப்புறம் ஒற்றை, வலப்புறம் இரட்டை; நடுப்பகுதியில் மட்டும் 101, 102 எனத் தொடர்ந்து செல்லும்.

ஊரிலே கணிதம் கற்பித்த நான் இதனை அறிந்திருக்கவில்லை. ஒருமுறை ஆறு பேருக்கு 11 முதல் 21 வரையான ஒற்றை எண்கள் கிடைத்தன. பின்னர், ஊரிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகாத பாட்டியார் ஒருவர் சேர்ந்துகொண்டார். 16 காலியாக இருக்கக் கண்டு, 'நடுவே அமரட்டும்' என்று மகிழ்ந்து வாங்கினேன். அவ்விருக்கையோ மண்டபத்தின் மறுபாதியில் இருந்தது. விளக்கும் அணைந்துவிட்டது. இடைவேளை வரை அந்த அம்மையார் மேடையைப் பார்க்கவில்லை; இருளில் எங்கள் பக்கமே பார்த்திருந்தாராம்.

லொயோலா வளாகத்தில் 1990 இல் திறக்கப்பெற்று, 1999 முதல் ஒஸ்கார் பீற்றர்சனின் பெயர் தாங்கும் நம் நோத்ர-டாம்-த-கிரேஸ் மண்டபத்தில் இருக்கைகள் ஏறக்குறைய 570. அங்கே பிரிந்தவரைத் தேடிப் பிடித்துவிடலாம். பிளாஸ்-தேஸ்-ஆரில் 1963 இல் திறந்த பெரிய மண்டபத்திலோ ஏறக்குறைய 3000.

ஆதலால் தலைகளை முதலில் எண்ணி, ஒரே தடவையில் வாங்குதல் வேண்டும். பதினெட்டுப் பேருக்கு ஒரே நீள வரிசை அழகாய்த் தோன்றும். ஆனால் நடுவிலிருக்கும் பிள்ளை அழுதால் ஆசிரியர் எட்டுப் பேரைக் கடக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறாறாக மூன்று வரிசைகள் எடுத்து, நடைவழி ஓரத்தில் வரிசைக்கு ஒரு பெரியவரை அமர்த்துதல் மேல். கணினியில் வாங்கும்போது, அருகே தனித்த ஓர் இருக்கை எஞ்சுமாயின் பல அரங்குகள் தெரிவை ஏற்பதில்லை. ஓரிடம் தள்ளித் தெரிந்தால் ஏற்கும். 'விசிபிலித்தே ரெதுயித்' என்றிருப்பின் தூணோ கைப்பிடியோ பார்வையை மறைக்கும் என்பது பொருள். மலிவென்று பிள்ளைகளுக்கு வாங்கற்க.

சக்கர நாற்காலிக்குரிய இடங்கள் மிகச் சிலவே. அவற்றை முதலில் உறுதிசெய்து, மற்றோருக்கு அவற்றின் அருகே இடம் கேட்பதே முறை. ஆகையால் அடுத்த பயணத்திற்குப் பெயர் தருவோர் அத்தேவையையும் உடன் குறித்துத் தருக.