ஒற்றன், உளவாளி, ஏஜென்ட்... ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பெயர்?

சொல் மாறினால் ஒருவர் ஹீரோவா, வில்லனா என்பதே மாறிவிடுகிறது. சில நேரம் உயிரே போகும் அளவுக்கு!

'உளவாளி கைது' என்று மொபைலில் நோட்டிஃபிகேஷன் வந்தால் கை தானாகவே அதைத் தொடும். அதே வேலையைச் செய்தவர் நம்ம நாட்டுக்காரர் என்றால், செய்தியில் அவர் 'உளவுத்துறை அதிகாரி'. சினிமாவில் வந்தால் 'ஏஜென்ட்'. மூவரும் செய்வது ஒன்றுதான்: யாருக்கும் தெரியாமல் தகவல் சேகரிப்பது.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒருவர் டீயும் கையுமாக நின்று, போகிற வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், "எவனோ நோட்டம் விடுறான் பாரு" என்பார்கள். நாலு நாள் தொடர்ந்து நின்றால், "வேவு பாக்குறான்". அவர் மஃப்டியில் வந்த போலீஸ்காரர் என்று தெரிந்துவிட்டால்? "துப்பு துலக்க வந்திருக்கார்". ஆள் மாறவில்லை, டீ கிளாஸ் கூட மாறவில்லை. சொல் மாறியது, கூடவே 'றான்' என்பது 'கார்' ஆகிவிட்டது.

எந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வேவு: பழைய இலக்கியத்தில் இதன் உறவுக்காரச் சொல் 'வேய்'. எதிரி நாட்டு மாடுகளைக் கவரப் போகும் முன், அங்கே என்ன நிலவரம் என்று ஒற்றர் அறிந்து வருவதைத் தொல்காப்பியம் 'வேய்' என்கிறது. வெட்சித் திணையில் இது ஒரு துறை.

ஒற்று: பள்ளியில் 'ஒற்றுப்பிழை' என்று மார்க் குறைத்தார்களே, அதே எழுத்துகள்தான். இலக்கணத்தில் ஒற்று என்றால் மெய்யெழுத்து, அரசியலில் உளவு. உளவு பார்ப்பதை 'ஒற்றாடல்' என்று சொல்லி, 59ஆவது அதிகாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியவர் வள்ளுவர்.

உளவு: 'உள்' என்பதோடு தொடர்புள்ள சொல். உள்ளே இருக்கும் ரகசியம், அதை அறிவது என இரண்டையும் குறிக்கும். இன்று அரசுத் துறைக்கும் இதே பெயர்தான்.

துப்பு: தடயம், தகவல். "துப்பு கொடுத்தால் சன்மானம்" என்ற போலீஸ் அறிவிப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. துப்பறிவாளர் குற்றவாளியைத் தேடுபவர், அதனால் இந்தச் சொல்லில் கறை இல்லை.

சாரணர்: பழைய அகராதிப் பொருள்களில் ஒன்று ஒற்றர். இன்று பள்ளி மைதானத்தில் ஸ்கார்ஃப் கட்டி நிற்கும் மாணவர்களுக்கு இதுதான் பெயர். ஆங்கில 'ஸ்கவுட்' என்பதும் முதலில் படைக்கு முன்னே போய் நிலவரம் பார்த்து வருபவரைக் குறித்ததுதான்.

வள்ளுவர் சொன்ன உளவு ரூல்ஸ்

ஒற்றாடல் அதிகாரத்தை ஒரு பயிற்சிக் கையேடு என்றே சொல்லலாம். சந்தேகம் வராத தோற்றம் வேண்டும். துறவி வேடத்திலும் போகலாம். பிடிபட்டு என்ன செய்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஒற்றருக்கு ஊரறியப் பாராட்டு செய்யக் கூடாது, செய்தால் ரகசியம் அம்பலமாகிவிடும். 'பொன்னியின் செல்வன்' ஆழ்வார்க்கடியான் நம்பி பக்தர் கோலத்தில் ஊர் ஊராகச் சுற்றுவது இந்தப் பாடத்துக்குச் சரியான உதாரணம்.

இதில் ரொம்ப முக்கியமானது வேறு ஒன்று. ஓர் ஒற்றர் கொண்டுவந்த தகவலை இன்னொருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பலாம். அதாவது, உளவுத் தகவலை அப்படியே நம்பாதே என்பதுதான் உளவின் முதல் பாடம்.

சொல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

இந்தப் பாடத்தை மறந்தபோது என்ன நடக்கும் என்பதற்குப் புறநானூற்றின் 47ஆவது பாடல் சாட்சி. சோழர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை. நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்கு வருகிறார். 'இவன் ஒற்றன்' என்று முடிவுகட்டி, நெடுங்கிள்ளி அவரைக் கொல்லப் போகிறான். பாடலோடு வரும் பழைய குறிப்பு இதைச் சொல்கிறது. கோவூர் கிழார் குறுக்கே வந்து, பரிசில் தேடி ஊர் ஊராகப் பறவை போல அலைபவர்கள் புலவர்கள், அவர்களால் யாருக்கும் தீங்கு இல்லை என்று பாடி உயிரைக் காப்பாற்றுகிறார்.

நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு அப்படி ஒரு கோவூர் கிழார் உடனே கிடைக்கவில்லை. கிரையோஜெனிக் இன்ஜின் திட்டத்தில் இருந்த அவர், ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு 1994 நவம்பர் 30 அன்று கேரள போலீஸால் கைது செய்யப்பட்டார். 50 நாட்கள் சிறை. 'உளவாளி' என்ற பட்டம் பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் ஓடியது. 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 1998இல் உச்ச நீதிமன்றம், கேரள அரசு மறுவிசாரணைக்கு எடுத்த முயற்சியை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று, அவரது கைது தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2019இல் பத்ம பூஷண். 2022இல் 'ராக்கெட்ரி' படம். பட்டம் கொடுக்க ஒரு நாள் போதும், எடுக்க 24 வருடங்கள் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் உளவு பார்ப்பது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் வருகிறது. மூன்றாவது பிரிவின்படி, பாதுகாப்புத் துறை தொடர்பான ரகசியம் என்றால் 14 ஆண்டுகள் வரை சிறை, மற்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை. தேசத்தின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கம் இருந்தது என்பதும் இதில் முக்கியம். கேமராவோடு எங்கோ நின்றதோ, வெளிநாட்டு நண்பர் இருப்பதோ மட்டும் ஒருவரை உளவாளி ஆக்கிவிடாது.

அதனால் அடுத்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் 'உளவாளி சிக்கினான்' என்று ஃபார்வர்டு வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்திப் படிக்கலாம். கைது மட்டும்தான் நடந்திருக்கிறது என்றால், அவர் 'உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்'. டைப் பண்ண கொஞ்சம் நீளம்தான். ஆனால் தீர்ப்பு வரும் வரை அதுதான் சரியான சொல்.