கைவிடப்பட்டவை ஒளிர்கின்றன

நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் பொதுவாக வெறுங்கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் கட்டுப்பாட்டை இழந்த ஒன்று தன்போக்கில் உருளத் தொடங்கினால், அதன் தட்டையான பரப்புகள் கண்ணாடி போல் சூரிய ஒளியைத் திருப்புகின்றன. புதிய விண்மீன் ஒன்று நொடிப்பொழுதில் தோன்றி மறைந்தாற்போல் இருக்கும்.

1993இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் டெல்ஸ்டார் 401 என்னும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள், 1997 ஜனவரி 11 அன்று திடீரென ஓய்ந்தது. உரிமையாளர் அதனைக் கைவிட்டனர். அந்நாட்டின் வான் ஆர்வலர் கைவிடவில்லை. பைனாகுலரும் நிறுத்துக் கடிகாரமும் கொண்டு, பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிய இரவுகளில் அதன் பளிச்சிடல்களைக் குறித்து வந்தனர். பளிச்சிடல்களின் இடைவெளி, கலம் உருளும் வேகத்தைக் காட்டும். ஆண்டுகள் செல்ல அவ்வேகமும் மாறக்கூடும். சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தமே அதற்குப் போதுமானது.

இது வெறும் பொழுதுபோக்கன்று. மேற்குத் தீர்க்கரேகை 105 பாகையை நடுவாகக் கொண்டு ஊசலாடும் அக்கலம், இயங்கும் கலங்களின் இடையே புகுந்து செல்கிறது. விலக வேண்டியவை இயங்குபவையே. நாளை அதனைப் பற்றி அகற்ற முனைவோர் முதலில் அறிய வேண்டுவது, அது எவ்வளவு விரைவாக உருள்கிறது என்பதே. ஊதியமின்றி விழித்திருந்தோர் குறித்துவைத்ததும் அதுவே.